எரிந்த ஏடுகளும் எஞ்சிய கணக்குகளும்: ஓய்வுபெற்ற படைவீரரின் சேவைப் பதிவுகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

படையிற் சேவைபுரிந்த ஒருவரிடம் அச்சேவைக்கான சான்று கோரப்படும் நிலை பெரும்பாலும் அவரது முதுமையிலேயே ஏற்படுகின்றது. இளமையில் அவர் எங்கு அனுப்பப்பட்டார், எப்போது காயமுற்றார், எத்தகைய மதிப்பீட்டுடன் விடுவிக்கப்பட்டார் என்பனவற்றை எழுதிவைத்தவர் அவரல்லர். எழுதியது அரசு, எழுதியதைக் காத்துவைத்திருப்பதும் அரசு. எனவே ஓய்வூதியத்துக்கோ வைத்திய உதவிக்கோ விண்ணப்பிக்கும் முதியவர், தமது வாழ்வின் ஒரு பகுதியைத் தமக்கே அறியத்தருமாறு அந்த அரசிடமே மனுச்செய்ய வேண்டியவராகின்றார்.

சேவைப் பதிவேட்டை வெறும் நிர்வாகக் கடதாசியாகக் கொள்வது வழக்கம். ஆயினும், அரசுக்கும் அதன் கட்டளைக்கு உட்பட்டவனுக்கும் இடையிலான உறவு அதில் உறைந்து கிடக்கின்றது. அவ்வேடு அழிந்துபோகும்போதே அவ்வுறவின் இயல்பு தெளிவாகப் புலப்படுகின்றது எனலாம். 1973ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த பெருந்தீயையும் அதன் பின்விளைவுகளையும் ஆதாரமாகக் கொண்டு, பதிவு இல்லாதவிடத்து நிரூபிக்கும் சுமை எவர்மீது விழுகின்றது என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மிசூரி மாநிலத்திலுள்ள செயின்ற் லூயிஸ் நகரின் புறநகரான ஓவர்லண்டில், படைத்துறை ஆளணிப் பதிவுகளைக் காப்பதற்கென ஆறு மாடிக் கட்டடமொன்று 1956இல் நிறைவுபெற்றது. கட்டடக் கலைஞர் மினோறு யமசாக்கியின் பங்களிப்புடன் அது உருவாயிற்று. வடிவமைப்புக் காலத்தில் ஒரு விவாதம் எழுந்தது. தீ மூளின் தானாகவே நீர் தெளிக்கும் குழாய்களைப் பொருத்துதல் வேண்டுமா, அல்லது அந்நீரே ஏடுகளைப் பழுதாக்கிவிடுமா என்பதே அவ்விவாதம். ஈற்றில் பதிவுகள் அடுக்கப்பட்ட பகுதிகளில் நீர் தெளிகருவிகள் பொருத்தப்படவில்லை. அப்பெரும் பரப்பினைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்களும் எழுப்பப்படவில்லை.

1973ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி நள்ளிரவு கழிந்து சில நிமிடங்களில் ஆறாவது மாடியில் தீ மூண்டது. வெப்பமும் புகையும் மிகுந்தமையால் தீயணைப்போர் அதிகாலையிலேயே கட்டடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கட்டுக்கடங்காது எரிந்த தீ, நான்கு நாட்களுக்குப் பின்னரே முற்றாக அணைந்ததாக அறிவிக்கப்பட்டது. நீருக்கு அஞ்சி நீர்க்குழாய் தவிர்க்கப்பட்ட ஏடுகள்மீது பல நாட்கள் வெளியிலிருந்து நீர் பாய்ச்சப்பட்டது. எரியாது தப்பியவை நனைந்து பூஞ்சணம் பிடிக்கும் நிலைக்கு உள்ளாயின. அவற்றைப் பால் போத்தல் அடுக்கும் பிளாஸ்திக் பெட்டிகளில் நிரப்பி, விண்வெளிப் பயணப் பரிசோதனைகளுக்கென அமைக்கப்பட்டிருந்த வெற்றிட அறையிலிட்டு உலர்த்தினர்.

இழப்பின் அளவு 1 கோடி 60 இலட்சம் முதல் 1 கோடி 80 இலட்சம் வரையிலான ஆளணிக் கோவைகள் என மதிப்பிடப்பட்டது. 1912 நவம்பர் 1க்கும் 1960 சனவரி 1க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோவைகளில் ஏறத்தாழ 80 வீதம் அழிந்தது. 1947 செப்ரெம்பர் 25க்கும் 1964 சனவரி 1க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட வான்படையினருள், ஆங்கில அகரவரிசையில் ‘ஹபார்ட்’ என்னும் பெயருக்குப் பின் வருவோரின் கோவைகளில் ஏறத்தாழ 75 வீதம் அழிந்தது. இரு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் தரைப்படையிற் பணியாற்றிய மிகப் பெரும்பாலோர் இவ்வெல்லைக்குள் அடங்குவர். அழிந்தவற்றுக்குப் பிரதிகள் இருக்கவில்லை. நுண்படச் சுருள்கள் இருக்கவில்லை. எவ்வெவ் கோவைகள் அங்கிருந்தன என்பதைக் காட்டும் அட்டவணைகூட ஆக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே எவருடைய கோவை எரிந்தது என்பதை, அவர் விண்ணப்பிக்கும்போதே நிலையமும் அறியக்கூடியதாயிருந்தது.

2

எரிந்தது எது என்பதைப் போலவே எஞ்சியது எது என்பதும் நோக்கற்பாலது. கருகிய ஓரங்களுடன் மீட்கப்பட்ட ஏறத்தாழ 65 இலட்சம் கோவைகள் ‘எரிந்தவை’ எனத் தனியே வகுக்கப்பட்டன. இவற்றுக்கு அப்பால், முற்றாக அழிந்த கோவைகளை வேறு ஆவணங்களைக்கொண்டு மீளமைக்கும் பணி தொடங்கப்பட்டது. அப்பணிக்குப் பெரிதும் உதவியவை கணக்காய்வு அலுவலகத்திலிருந்து கிடைத்த இறுதிச் சம்பள உறுதிச்சீட்டுக்களாகும். ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் எண்ணிக்கையான இச்சீட்டுக்களில் வீரரின் பெயர், சேவை இலக்கம், சேவைக்காலம், விடுவிக்கப்பட்ட தன்மை ஆகியன காணப்பட்டன. அலகுகள் நாளாந்தம் எழுதிய காலை அறிக்கைகள், ஆட்சேர்ப்புப் பதிவுகள், முன்னாட் படையினர் நிர்வாகத்திடம் ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்ட கோரிக்கைக் கோவைகள் ஆகியனவும் துணைநின்றன.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகின்றது. ஒரு மனிதனுக்கு அரசு செலுத்திய கூலிக்குத் தனியான கணக்கு வேறோரிடத்தில் இருந்தது. அம்மனிதனின் உடல் அடைந்த நோய்க்கும் காயத்துக்கும் அத்தகைய முழுமையான இரண்டாம் பதிவு இருக்கவில்லை. பணம் கணக்காய்வுக்கு உட்பட்டது. எனவே அதன் சுவடு இருமுறை எழுதப்பட்டது. உடலோ கணக்காய்வுக்கு உட்பட்டதன்று. 1988ஆம் ஆண்டிலேயே, 1942-45, 1950-54 ஆகிய காலப்பகுதிகளில் படை வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் பற்றிய ஏறத்தாழ 1 கோடி பதிவுகள் கணினி நாடாக்களில் நிலையத்துக்குக் கிடைத்தன. அவைகூட வீரரின் நலன் கருதி ஆக்கப்பட்டவையல்ல. புள்ளிவிபர ஆய்வின் பொருட்டு ஆக்கப்பட்டவை. அவற்றில் வீரரின் பெயர் இல்லை. சேவை இலக்கம் மட்டுமே உண்டு. நோயும் குறியீட்டாலேயே குறிக்கப்பட்டிருந்தது. தமது சேவை இலக்கத்தை மறந்துவிட்ட ஒருவர், தமது சொந்தக் காயத்தையே அங்கு இனங்காண்பது அரிது.

முன்னரே உதவி கோரியவர்களின் பத்திரங்கள் பிறிதோர் அலுவலகத்திற் பாதுகாப்பாயிருந்தமை இதனுடன் இணைத்து நோக்கத்தக்கது. இத்தகைய நிகழ்வு புதியதன்று. இலண்டன் வால்வேர்த் பகுதியில், ஆண்சைட் வீதியிலிருந்த போர்த்துறைப் பதிவுக்கூடம் 1940 செப்ரெம்பரில் குண்டுவீச்சுக்கு இலக்காகித் தீப்பற்றியபோது, முதலாம் உலகப் போரில் பங்குகொண்ட பிரித்தானியப் படைவீரரின் சேவைப் பதிவுகளில் ஏறத்தாழ 60 வீதம் அழிந்தது. எரியாது எஞ்சிய ஒரு தொகுதி ஓய்வூதிய அமைச்சின் கோவைகளிலிருந்து பெறப்பட்டதாகும். இரு நாடுகளிலும் ஒரே போக்குத் தென்படுகின்றது: கேட்டவனுக்கு ஏடு மிஞ்சியது, கேளாதிருந்தவனுக்கு மிஞ்சியது மிகக் குறைவு. கேட்பதற்கோ எழுத்தறிவும், உரிமை பற்றிய அறிவும், வழிகாட்ட ஒருவரும் வேண்டியிருந்தன. ஆகவே தீ பாகுபாடு காட்டாவிடினும், அதன் விளைவு எல்லா மட்டத்தினர்மீதும் சமமாக விழுந்தது எனக் கொள்ளல் கடினம்.

3

பதிவைப் பெறும் முறை மேலோட்டமாக எளிதானதே. ‘படிவம் 180’ எனப்படும் விண்ணப்பத்திற் சேவைக்காலத்தில் வழங்கிய பெயர், சேவை இலக்கம், படைப்பிரிவு, காலம் ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பமிட்டு அனுப்புதல் வேண்டும். சாதாரணமான கோரிக்கைகளுக்கு வீரரிடமோ நெருங்கிய உறவினரிடமோ கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயின் கோவை தீயில் அழிந்ததெனக் கண்டால் நிலையம் வேறொரு வினாக்கொத்தை அனுப்புகின்றது. எந்தக் கம்பனியில் இருந்தீர்? எங்கு படையிற் சேர்ந்தீர்? எந்த மாதத்தில் எந்த வைத்தியசாலையில் எந்நோய்க்குச் சிகிச்சை பெற்றீர்? காலை அறிக்கைகள் பெயர்வாரியாகவன்றி அலகுவாரியாகவும் நாள்வாரியாகவும் அடுக்கப்பட்டவையாதலால், இவ்விபரங்களின்றித் தேடுதல் இயலாது.

இவ்வினாக்கள் நிர்வாக நோக்கில் நியாயமானவையே. ஆயினும் அவற்றின் உட்கிடையை நாம் அவதானித்தல் வேண்டும். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஏட்டை இழந்த நிறுவனம், அவ்வேட்டில் என்ன இருந்தது என்பதை, அதனை ஒருபோதும் தன் கையில் வைத்திராத முதியவரிடம் வினவுகின்றது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மாதத்தை அவர் நினைவுகூரத் தவறினால், அத்தவறு அவருடையதாகின்றது. காத்தற்குரியவரின் கவனக்குறைவு, கேட்பவரின் மறதியாக உருமாறுகின்றது.

நிராகரிக்கப்பட்டவர் நீதிமன்றை நாடியிருக்கலாமே எனச் சிலர் கருதலாம். முன்னாட் படையினரின் நலன்கள் தொடர்பான தீர்மானங்களை நீதிமன்றங்கள் மீளாய்வு செய்வதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொதுவாக இடமிருக்கவில்லை. தீ நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகளாகத் தீர்ப்பளித்த நிர்வாகமே இறுதித் தீர்ப்பாளராகவும் விளங்கியது. அச்சட்டத்தின் வழி நிறுவப்பட்ட நீதிமன்றம், 1991இல் ஓஹெயர் எதிர் டெர்வின்ஸ்கி வழக்கில், பதிவுகள் அரசின் பொறுப்பில் இருந்தபோது இழக்கப்பட்டிருப்பின், ஐயத்தின் பயனை வீரருக்கு வழங்கும் விதியைக் கவனமாகப் பரிசீலிக்கும் பொறுப்பும், தீர்மானத்துக்கான காரணங்களை விளக்கும் பொறுப்பும் அரசுக்கு அதிகரிக்கின்றன எனக் கூறியது. எனினும் இதனால் சுமை முற்றாக இடம்மாறிவிடவில்லை. நிரூபிக்கும் கடமை இன்றும் அடிப்படையில் வீரருடையதே.

4

ஏடு இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடும் எனக் கொள்வதும் தவறாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படை, கௌரவமானதென்றோ கௌரவமற்றதென்றோ வரையறுக்காத ஒரு விடுவிப்பைச் சிலருக்கு வழங்கியது. அது நீலநிறத் தாளில் அச்சிடப்பட்டமையால் ‘நீல விடுவிப்பு’ எனப்பட்டது. 1941 டிசம்பருக்கும் 1945 யூனுக்கும் இடையில் இவ்வாறு விடுவிக்கப்பட்ட 48,603 பேரில் 10,806 பேர் கறுப்பினத்தவர். ஏறத்தாழ 22 வீதமாகிய இத்தொகையை, தரைப்படையில் அவர்களது பங்கு 6.5 வீதமாகவே இருந்ததுடன் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். தன்னினப் பாலுறவினர் என ஐயுறப்பட்டோரும் இம்முறையால் பெருமளவிற் பாதிக்கப்பட்டனர். 1944ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாட் படையினருக்கு அளித்த கல்வி, வீட்டுக்கடன் முதலிய நலன்கள், முன்னாட் படையினர் நிர்வாகத்தின் கொள்கையால் இவர்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. 1947இல் நீல விடுவிப்பு கைவிடப்பட்டது. ஆயின் ஏற்கெனவே எழுதப்பட்ட சொல் ஏட்டில் நின்றது. இவர்களைப் பொறுத்தவரை பழைய பதிவைக் கேட்டுப் பெறுவதென்பது, தமக்கெதிரான சாட்சியத்தைக் கேட்டுப் பெறுவதாகவே அமைந்தது.

குடியேற்ற நாட்டு வீரரின் நிலை இன்னும் கடினமானது. 1941 யூலை 26ஆந் திகதி சனாதிபதி றூஸ்வெல்ற் விடுத்த கட்டளையால் பிலிப்பைன்ஸ் படைகள் அமெரிக்கச் சேவைக்கு அழைக்கப்பட்டன. யப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் எண்ணற்றோர் கெரில்லாக்களாகப் போரிட்டனர். 1946 பெப்ருவரியில் நிறைவேறிய சட்டமொன்று, இவர்களது சேவை பெரும்பாலான நலன்களைப் பொறுத்தவரை அமெரிக்கப் படைச்சேவையாகக் கொள்ளப்படமாட்டாது என விதித்தது. கெரில்லாக்களாகத் தம்மை ஏற்குமாறு கோரிய 10 இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 2,60,000 பேரே 1948 வரையிலான விசாரணைகளில் ஏற்கப்பட்டனர். ஆக்கிரமிப்பாளன் கையிற் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாகும் பெயர்ப்பட்டியலை எந்தக் கெரில்லா அணியும் ஒழுங்காகப் பேணியிருக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

2009இல் எஞ்சியிருந்தோருக்கு ஒருமுறைக் கொடுப்பனவு வழங்க அமெரிக்கச் சட்டம் இடமளித்தது: அமெரிக்கப் பிரசைகளுக்கு 15,000 டொலர், ஏனையோருக்கு 9,000 டொலர். விண்ணப்பித்த 42,000க்கு மேற்பட்டோரில் அரைவாசிக்கும் அதிகமானோர் நிராகரிக்கப்பட்டனர். முதியவர்கள் கொணர்ந்த பிலிப்பைன்ஸ் அரசின் சான்றுகள் தனித்து நின்று போதுமானவையாகவில்லை. செயின்ற் லூயிஸ் நிலையத்திலுள்ள பதிவுகள் சேவையை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. இங்கு வினா ஏடு எரிந்ததா என்பதன்று. யாருடைய ஏடு ஏடாகக் கொள்ளப்படுகின்றது என்பதாகும்.

5

2011இல் நிலையம் நவீன பாதுகாப்பு வசதிகள் கொண்ட புதிய கட்டடத்துக்கு மாறிற்று. ஆயினும் 2020இல் பெருந்தொற்றினால் அலுவலகம் பெரும்பாலும் மூடப்பட்டபோது, கடதாசிக் கோவைகளை வீட்டிலிருந்து தேட இயலாமையால் விண்ணப்பங்கள் குவிந்தன. 2022இல் தேங்கிய கோரிக்கைகள் ஏறத்தாழ 6 இலட்சத்தை எட்டின. 2024இன் தொடக்கத்திலேயே இத்தேக்கம் நீங்கியது. எரியாத ஏடும் எட்டாத ஏடாகலாம் என்பதை இக்காலம் உணர்த்திற்று. முதுமையில், வைத்தியத்துக்காகவோ உரிய மரியாதையுடனான அடக்கத்துக்காகவோ காத்திருப்பவருக்குத் தாமதமும் மறுப்பும் பெரிதும் வேறுபட்டவையல்ல.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒருவரின் சேவைப் பதிவில் அவருக்கும் உரிமை உண்டெனின், அதன் பிரதியைச் சேவை முடிவில் முழுமையாக அவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். விடுவிப்புத் தாள் ஒன்று மட்டும் போதாது. இரண்டாவது, காத்தற்குரியவர் இழந்த ஏட்டுக்கான நிரூபணச் சுமை காத்தற்குரியவரையே சாருதல் வேண்டும். மூன்றாவது, வரலாறு எழுதுவோராகிய நாம் சுவடிக்கூடத்தின் மௌனத்தை நிகழ்ச்சியின் இன்மையாகக் கொள்ளலாகாது. பட்டியலில் இல்லாத மனிதனும் போர்க்களத்தில் இருந்தான். அவன் இருந்ததை அரசு அன்று அறிந்திருந்தது. அவனுக்குக் கட்டளையிட்டது அதுவே. அவ்வறிவை அரசு இழந்தமைக்கு அவனை விலைகொடுக்கச் செய்தல் எவ்வகையிலும் நியாயமாகாது.