காலாண்டு லீவு முதல் கிறிஸ்துமஸ் வரை: வீட்டிலேயே செய்யலாம் பொம்மை, முறுக்கு, பொரி உருண்டை... ஈரத்தை மட்டும் கவனிங்க!

புரட்டாசி பிறந்தாலே வீட்டில் வேலை தொடங்கிவிடும். நவராத்திரிக்குக் கொலுவும் சுண்டலும், தீபாவளிக்கு முறுக்கு, கார்த்திகைக்கு விளக்கும் பொரி உருண்டையும், டிசம்பரில் நட்சத்திர விளக்கு. இடையில் காலாண்டு லீவு, அரையாண்டு லீவு என்று பிள்ளைகளும் வீட்டில்தான் இருப்பார்கள்.

எல்லாமே கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும்தான். வீட்டில் முயற்சி செய்தவர்கள் கைவிடுவதற்குச் சொல்லும் காரணங்களும் வழக்கமானவை. "முறுக்கு நமத்துப் போச்சு", "பொம்மையில பூஞ்சை பிடிச்சிருச்சு", "சுண்டல் சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போச்சு". மூன்று புகாருக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம்.

எதில் ஈரம் வேண்டும், எதில் கூடாது என்று தெரிந்துகொண்டால் இவை எல்லாமே எளிதான வேலைகள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்ம ஊர் இலையுதிர்காலம் எப்படிப்பட்டது?

குளிர் நாடுகளில் இலையுதிர்காலம் என்றால் காய்ந்த சருகு, வறண்ட காற்று. தமிழகத்தில் அதே மாதங்கள் மழை மாதங்கள். பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தனர். அதில் ஆவணி, புரட்டாசி 'கார்'. ஐப்பசி, கார்த்திகை 'கூதிர்'. கார் என்றால் மழை, கூதிர் என்றால் குளிர்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது.

அதனால்தான் கோடையில் வடாம் காயவைப்பது போல இப்போது எதையும் காயவைக்க முடியாது. காற்றிலேயே ஈரம் இருக்கும்.

1. கொலுவுக்குக் காகிதக்கூழ் பொம்மை

காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை அருகே விளாச்சேரி போன்ற ஊர்களில் கொலு பொம்மை செய்வது பரம்பரைத் தொழில். களிமண், காகிதக்கூழ் என இரண்டிலும் பொம்மைகள் செய்யப்படுகின்றன. களிமண் பொம்மைக்குச் சூளை வேண்டும். காகிதக்கூழுக்கு வேண்டியதில்லை, காய்ந்தால் போதும். அதனால் வீட்டுக்கு ஏற்றது இதுதான்.

தேவையானவை: பழைய செய்தித்தாள், வெந்தயம், மைதா.

செய்முறை:
• செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம்.
• 2 ஸ்பூன் வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து மையாக அரையுங்கள்.
• ஊறிய காகிதத்தை அரைத்து, துணியில் கட்டித் தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள்.
• வெந்தய விழுதும் மைதாப் பசையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள்.
• பொம்மையாகப் பிடியுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பினால் கூடை கிடைக்கும். பாட்டிமார் காலத்துக் காகிதக் கூடையும் இதே முறைதான். வெந்தயத்தின் வழவழப்புதான் அதில் பசை.

எங்கே சொதப்பும்? தடிமனாகப் பிடித்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். பெரிய பொம்மை என்றால் உள்ளே காகிதத்தை உருட்டி வைத்து, மேலே மட்டும் கூழைப் பூசுங்கள். வெயில் இல்லாத நாளில் ஃபேனுக்கு அடியில் வைத்துத் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தால், காய ஒரு வாரம் வரை ஆகலாம். நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட். அதாவது, மகாளய அமாவாசைக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

கொலுவில் 'பார்க்' வைப்பவர்களுக்கு ஈரம் நண்பன். ஒரு தட்டில் மண்ணைப் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி, தினமும் தண்ணீர் தெளித்தால் ஐந்தாறு நாளில் பச்சைப் புல்வெளி ரெடி.

2. ஊசிப்போகாத சுண்டல்

'சுண்டுதல்' என்றால் நீர் வற்றுதல். சுண்டக் காய்ச்சிய பால் என்று சொல்கிறோம் அல்லவா, அதே சொல்தான். சுண்டலின் பக்குவமும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

• கொண்டைக்கடலையை 8 முதல் 10 மணி நேரம் ஊறவையுங்கள். கடலைப்பருப்பு, பாசிப்பருப்புக்கு ஒரு மணி நேரம் போதும்.
• வெந்ததும் வடிகட்டியில் கொட்டி, தண்ணீரை முழுதாக வடியவிடுங்கள். வடித்த நீரை ரசத்துக்குப் பயன்படுத்தலாம்.
• கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கடலையைப் போட்டு ஈரம் போகும்வரை பிரட்டுங்கள்.
• தேங்காய்த் துருவலை அடுப்பை அணைக்கும் முன் சேருங்கள்.

முதலில் கெட்டுப்போவது தேங்காய்தான். மதியமே செய்து வைத்து மாலையில் வருகிறவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், தேங்காயை அந்த நேரத்தில் சேர்ப்பது நல்லது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குமேல் ஆகும் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து, கொடுக்கும்போது நன்றாகச் சூடாக்குங்கள்.

ராஜ்மா சுண்டல் செய்பவர்கள் கவனிக்க: அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதில் உள்ள இயற்கையான நச்சு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் குழைய வேகவிடுங்கள்.

3. மொறுமொறு முறுக்கு

4 கப் அரிசி மாவுக்கு 1 கப் வறுத்து அரைத்த உளுந்து மாவு, சுமார் 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், சீரகம் அல்லது எள், உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். வெண்ணெய் அதிகமானால் முறுக்கு எண்ணெயில் கரையும், குறைந்தால் பல் உடையும்.

எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டதும் உடனே மேலே வந்தால் சூடு சரி. முறுக்கைச் சுற்றி வருகிற குமிழி மாவிலிருந்து வெளியேறும் நீராவி. அந்தச் சலசலப்பு அடங்கினால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நிறத்தைப் பார்ப்பதைவிடச் சத்தத்தைக் கேட்டு எடுப்பது சரியாக வரும்.

சீடை வெடிப்பதற்கும் இதே நீராவிதான் காரணம். வெளிப்பக்கம் இறுகி, உள்ளே நீராவி மாட்டிக்கொண்டால் சீடை வெடித்து, எண்ணெய் முகத்தில் தெறிக்கும். மாவைச் சலிப்பது, அழுத்தி உருட்டாமல் லேசாக உருட்டுவது, ஊசியால் ஒரு துளை போடுவது ஆகிய மூன்றும் நீராவிக்கு வழிவிடத்தான். ஈரக் கரண்டியை எண்ணெயில் விடவே கூடாது.

முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால், ஆவி மூடியில் நீராகி முறுக்கிலேயே இறங்கும். மழை நாளில் டப்பாவைத் திறந்து வைத்தாலும் அதே கதைதான்.

பொரித்த எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரைத்தால் கொட்டிவிட வேண்டியதுதான். கடைகளுக்கு இதில் சட்ட வரம்பே இருக்கிறது. எண்ணெயில் 'மொத்த துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதி.

4. அகல் விளக்கும் மாவிளக்கும்

கார்த்திகையில் தெருவெங்கும் விளக்கேற்றும் வழக்கம் சங்க காலத்திலேயே உண்டு. அகநானூற்றின் 141-ஆம் பாடலில், முழுநிலவு கார்த்திகை மீனோடு சேரும் நாளில் தெருக்களில் விளக்கு வைத்ததை நக்கீரர் பாடியிருக்கிறார்.

புது அகலை அப்படியே ஏற்றினால் எண்ணெயை உறிஞ்சிவிடும். மண்ணில் உள்ள நுண்துளைகள்தான் காரணம். இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும். திரி எரியும் உள்பக்கத்திலும் விளிம்பிலும் பெயின்ட் வேண்டாம். அவர்களே களிமண்ணில் பிடித்த விளக்கை அலங்காரத்துக்கு வைக்கலாம், சூளையில் சுடாததால் எண்ணெய் கசியும்.

மாவிளக்கு செய்வது இன்னும் சுலபம், பிறகு சாப்பிடவும் செய்யலாம். 1 கப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் 15 நிமிடம் உலர்த்துங்கள். கையில் ஒட்டாமல், ஆனால் ஈரம் தெரியும் பதத்தில் அரைத்துச் சலியுங்கள். முக்கால் கப் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. அரிசியின் ஈரத்தில் வெல்லம் இளகி மாவைப் பிடித்துக்கொள்ளும். உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, நெய் விட்டு, திரி போட்டால் விளக்கு தயார். வேகாத ஈர மாவு என்பதால் அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

5. உதிராத பொரி உருண்டை

4 கப் பொரிக்கு முக்கால் கப் வெல்லம், கால் கப் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதுதான் கெட்டிப் பாகு. இளம்பாகில் தண்ணீர் மிச்சம் இருக்கும், அது பொரிக்குள் இறங்கிச் சவசவ ஆக்கிவிடும்.

பொரி ஏற்கெனவே நமத்திருந்தால் வெறும் வாணலியில் லேசாகச் சூடுபண்ணி, மொறுமொறுப்பு திரும்பியதும் எடுங்கள். பொட்டுக்கடலை, வறுத்த தேங்காய்ப் பல், சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பாகை ஊற்றிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடியுங்கள்.

கெட்டிப் பாகு கொதிநீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பாகு ஊற்றுவதும் முதல் சில உருண்டைகள் பிடிப்பதும் பெரியவர்கள் வேலை. தொடும் சூட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடலாம்.

6. ஓலைக் கொழுக்கட்டை

கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி பக்கம் கார்த்திகை என்றால் ஓலைக் கொழுக்கட்டைதான். 2 கப் வறுத்த அரிசி மாவு, 1 கப் கருப்பட்டி, 1 கப் தேங்காய்த் துருவல், வறுத்து முக்கால் பதம் வேகவைத்த சிறுபயறு, சுக்கு, ஏலக்காய். கருப்பட்டியைச் சூடான தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்த நீரிலேயே மாவைப் பிசையுங்கள். பச்சைப் பனையோலையைக் கழுவித் துடைத்து, நடுவில் மாவை வைத்து, மடித்து, ஓலை நாரால் கட்டி 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். காய்ந்த ஓலை மடிக்கும்போது ஒடியும், பச்சை ஓலைதான் வளையும், வாசமும் கொடுக்கும்.

எண்ணெய் இல்லை, கொதிக்கும் பாகும் இல்லை. மாவு வைப்பது, மடிப்பது, கட்டுவது வரை பிள்ளைகள் முழுதாகக் கலந்துகொள்ளக்கூடிய பலகாரம் இது.

7. கிறிஸ்துமஸ் நட்சத்திரம்

ஒரே நீளத்தில் 10 மூங்கில் குச்சிகள். ஐந்து குச்சிகளை நட்சத்திரமாகக் கட்டுங்கள், அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் கட்டுங்கள். உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் மூன்று அங்குலச் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் உப்பி நிற்கும். மேலே கலர் பேப்பர் ஒட்டுங்கள்.

மழையில் நனையும் இடமென்றால் பேப்பருக்குப் பதில் கண்ணாடித் தாள். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், சூடாகாத சிறிய எல்இடி பல்பு போதும். வயர் இணைப்பு மழை படாத இடத்திலும், பிளக் பாயின்ட் வீட்டுக்குள்ளும் இருக்கட்டும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை சுட்டுவிட்டால் என்ன செய்வது?
உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய பாகைப் பிய்த்து எடுக்க வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். இங்க், டூத்பேஸ்ட், மாவு, ஐஸ் எதையும் வைக்காதீர்கள். முகத்தில் பட்டாலோ, பெரிதாகக் கொப்பளித்தாலோ, சிறு குழந்தை என்றாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசர ஆம்புலன்ஸுக்கு 108.

வீட்டில் செய்த பலகாரத்தை விற்கலாமா?
விற்கலாம். ஆனால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ன்படி பதிவு செய்ய வேண்டும். கடை இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்தாலும் இது பொருந்தும். 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது?
முதல் முறை என்றால் மாவிளக்கு அல்லது ஓலைக் கொழுக்கட்டை. பாகுப் பதமும் எண்ணெய்ச் சூடும் பார்க்க வேண்டாம். கை பழகியதும் பொரி உருண்டை, அதற்குப் பிறகு முறுக்கு.