கழகத்துக்குக் கட்டுண்ட தடுப்பாட்டக்காரர்

கால்பந்தாட்டத்தை ஜீவனோபாயமாகக் கொள்வது குற்றமன்று என்று இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1885-ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டதும், அடுத்த மூன்றாண்டுகளில் 12 கழகங்கள் கூடி லீக் ஒன்றை ஸ்தாபித்ததும், ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழன்ற இளைஞர் பலருக்குப் பெரும் பாக்கியமாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆயினும், ஒரு கழகத்தில் ஒருமுறை பெயர் பதிந்த ஆட்டக்காரர், ஒப்பந்த காலம் கழிந்த பின்னரும், அக்கழகத்தின் சம்மதமின்றி லீக்கின் வேறெந்தக் கழகத்துக்கும் ஆடலாகாது என்று 1893-இல் ஏற்பட்ட விதியும், வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் யாருக்கும் கூலி தரலாகாது என்று 1901-இல் வந்த உச்சவரம்பும் சேர்ந்து அந்தப் பாக்கியத்தைப் பாதியாக்கின. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கழகங்கள் ஒரு பட்டியல் வெளியிடும். வைத்துக்கொள்ளப்படுபவர், விலைக்கு விடப்படுபவர், விலையின்றி அனுப்பப்படுபவர் என்று அதில் மூவகை. கடைசி வகையில் சேர்ந்தவருக்குக் கிடைத்த விடுதலை, பெரும்பாலும் வேலை போனதன் மறுபெயரே.

தடுப்பாட்டக்காரரின் நிலை இதில் சற்று விசேஷமானது. பழைய ஆஃப்சைடு விதிப்படி, பந்து தரப்படும்போது முன்னணி வீரருக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும். நியூகாஸிலின் பில் மெக்ராக்கன் போன்ற பேக்குகள் சமயம் பார்த்துச் சிறிது முன்னேறி நின்றே எதிரிகளை ஆஃப்சைடில் சிக்கவைத்து, ரசிகர்களின் வசவையும் தாராளமாகச் சம்பாதித்தனர். 1925-இல் மூவர் இருவராகக் குறையவே, அதுவரை ஆட்டத்தை நடத்திச்சென்ற சென்டர் ஹாஃப் பின்னுக்கு இழுக்கப்பட்டு, இரு பேக்குகளுக்கு நடுவே ஸ்டாப்பராக நிறுத்தப்பட்டார். ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் அவ்விதம் நிறுத்திய ஹெர்பி ராபர்ட்ஸைப் பார்த்து ஏனைய கழகங்களும், உயரமும் தலையால் பந்தை முட்டித் தள்ளும் திராணியும் உள்ளவர்களைத் தேடலாயின. எந்த அணியிலும் பொருந்தக்கூடிய இவ்வித ஆட்டக்காரர் எளிதில் கைமாறும் சரக்கானதும் அப்போதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கட்டை அறுக்கத் துணிந்தவர்களில் ஸ்டோக் கழகத்தின் நீல் ஃபிராங்க்ளின் முக்கியமானவர். யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்துக்காகத் தொடர்ந்து 27 ஆட்டங்கள் ஆடிய அந்தச் சென்டர் ஹாஃப், உலகக் கோப்பைக்குப் பிரேசில் செல்ல வேண்டிய 1950-இல், சர்வதேசக் கூட்டமைப்பின் அதிகாரம் செல்லாதிருந்த கொலம்பியாவுக்குத் தம் கழகத் தோழர் ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்டுடன் சென்று, பொகோட்டாவின் சாண்டா ஃபே கழகத்தில் சேர்ந்தார். ஊரில் வாரம் 12 பவுன் என்ற வரம்பு இருந்ததை நினைத்தால், இதைப் பேராசை என்று தூற்ற எனக்கு மனம் வரவில்லை. கலவரம் மலிந்த அந்நகர வாழ்வு ஒத்துவராமல் விரைவிலேயே திரும்பியவருக்கு ஆடத் தடை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு ஸ்டோக் அவரை 22,500 பவுனுக்கு ஹல் சிட்டிக்கு விற்றுவிட்டது. தேசிய அணியின் சட்டையை அவர் மறுபடி அணியவேயில்லை. இரண்டாம் டிவிஷனிலிருந்த ஹல்லில் காயங்களோடு போராடிய பின் குரூ, ஸ்டாக்போர்ட் என்று படிப்படியாக இறங்கி, லீக்குக்கு வெளியே இருந்த சிறு கழகங்களிலும் ஆடினார்.

கூலி வரம்பு 1961-இல் ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்தவரை வைத்துக்கொள்ளும் விதி நியாயமற்ற தடை என்று, ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். வழக்காடியவர் முன்னணி ஆட்டக்காரர்; பலன் பேக்குகளுக்கும் சேர்ந்தே கிட்டியது. அதே ஆண்டு ஃபிராங்க்ளின் கோல்செஸ்டர் கழகத்தின் மேனேஜரானார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்ப்பது அவருடைய வேலையாயிற்று.