நூர்பர்க் பந்தயச் சாலை: வளைவுப் பெயர்கள் வழி ஒரு வரலாறு

ஒரு நிலத்தின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் ஏடும் துணைபுரிதல் போலவே அந்நிலத்து வழங்கும் பெயர்களும் துணைபுரியும். ஊருக்கும் ஆற்றுக்கும் பொருந்தும் இம்முறை, மோட்டார்ப் பந்தயத்திற்கென அமைத்த ஒரு சாலைக்கும் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். ஜெர்மனியின் மேற்கே, ஐஃபெல் மலைநாட்டில் உள்ள நூர்பர்க்ரிங் என்னும் சாலையைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதல் உலகப் போருக்குப் பின்னர் அம்மலைநாடு வறுமையுற்றிருந்தது. ஆடனாவ் வட்டத்தின் தலைவராயிருந்த ஓட்டோ கிராய்ட்ஸ் என்பாரின் முயற்சியால், வேலையற்றோர்க்குப் பிழைப்பளிக்கும் பணியாக 1925இல் தொடங்கிய இச்சாலை 1927 ஜூனில் திறக்கப்பட்டது. முதற் கார்ப் பந்தயத்தில் ருடால்ஃப் கராச்சியோலா வென்றார். வடசுற்று, தென்சுற்று என்னும் இரண்டும் சேர்ந்த முழு நீளம் 28 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதில் வடசுற்று மட்டுமே 22.8 கிலோமீட்டர். மலையின் போக்கிற்கு இயையச் சாலை வளைந்து செல்வதால் முழுச் சுற்றில் வளைவுகள் 170க்கு மேற்பட்டன. வடசுற்றின் மேட்டிற்கும் பள்ளத்திற்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. நடுவே ஒரு குன்றின்மேல் பழைய நூர்பர்க் கோட்டை நிற்கின்றது.

இனிப் பெயர்களை நோக்குவோம். 'ஷ்வேடன்குராய்ட்ஸ்' என்பது சுவீடன் சிலுவை. அவ்விடத்துக் கற்சிலுவையால் வந்த பெயர். பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் அங்கு வந்த சுவீடன் படையினரை அது நினைவூட்டுகின்றது. 'கால்கன்கொப்ஃப்' என்பது தூக்குமரக் குன்று. 'பெர்க்வெர்க்' என்பது சுரங்கம். 'ஹோஹே ஆக்ட்' என்பது ஐஃபெலின் மிக உயர்ந்த சிகரத்தின் பெயர். 'ஃபுக்ஸ்ரோரே', அஃதாவது நரிக்குழாய், வண்டி விரைந்திறங்கும் ஒரு பள்ளம். இவற்றுள் ஒன்றேனும் பந்தயத்தாற் பிறந்ததன்று. போரும் தண்டமும் தொழிலும் விலங்கும் முன்னரே அங்கு இருந்தன. சாலை அவற்றினூடே பின்னர் வந்து புகுந்தது. இதனையே பெயர்களின் முதல் அடுக்கு எனலாம்.

இரண்டாம் அடுக்கு மாந்தர் பெயர். குடைராட்டினம் எனப் பொருள்படும் 'கருசெல்' வளைவில், ஓரத்து வடிகாற் பள்ளத்தில் உட்சக்கரங்களை இறக்கிக் கராச்சியோலா விரைந்து திரும்பினார் என்பர். பின்னர் அப்பள்ளமே கான்கிரீட்டுத் தளமாயிற்று. வளைவும் அவர் பெயரைத் தாங்கிற்று. நிலத்தை மனிதன் படித்தறிந்ததற்கு இதனினும் நல்ல சான்று அச்சாலையில் இல்லை.

ஆயின் எல்லாப் பெயரும் இத்துணை மகிழ்ச்சியுடையன அல்ல. 1968இல் மூடுபனியிலும் மழையிலும் நான்கு நிமிடத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட்டே இச்சாலைக்குப் 'பச்சை நரகம்' என்னும் பெயரை இட்டார் என்பது வழக்கு. வென்றவரே நரகமென்றது கருதத்தக்கது. 1970இல் ஓட்டுநர்கள் இங்கு ஓட்ட மறுத்தமையால் பந்தயம் ஹொக்கன்ஹைமுக்கு மாறியது. திருத்தங்கள் செய்தபின் 1971இல் மீண்டது. 1976 ஆகஸ்டு முதல் நாள், பெர்க்வெர்க் வளைவிற்குச் சற்று முன்னர் நிக்கி லவுடாவின் வண்டி தீப்பற்றியது. அவரை வெளியே இழுத்தவர்கள் உடன் ஓட்டிய நால்வர். வடசுற்றில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயங்களுள் அதுவே இறுதியானது. அவ்விபத்து ஒன்றே முடிவுக்குக் காரணமென்று பலர் எழுதுவர். 1970ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குவார்க்கு அக்கூற்று முழுதும் பொருந்தாது. 22 கிலோமீட்டர்க் காட்டுச் சாலை முழுமையும் தீயணைப்போரையும் மருத்துவரையும் நிறுத்துதல் அரிது. அவ்வருமை சாலையின் நீளத்திலேயே பிறந்தது. எந்நீளம் அதற்குப் புகழ் தந்ததோ அந்நீளமே அதனைப் பந்தய உலகின் முதல் வரிசையினின்று விலக்கிற்று என்பது எம் கருத்து.

1984இல் 4.5 கிலோமீட்டர் நீளமுடைய புதுச்சுற்று அருகே திறக்கப்பட்டது. அதன் வளைவுகள் டன்லப், ஃபோர்டு, மெர்சிடிஸ் முதலிய நிறுவனங்களின் பெயர்களைக் கொண்டன. இது மூன்றாம் அடுக்கு. 2007இல் ஒரு வளைவு மைக்கேல் சூமாக்கர் பெயரைப் பெற்றதனால் அங்கும் மாந்தர் பெயர் அறவே இல்லை எனல் ஆகாது. எனினும் நரியையும் சுரங்கத்தையும் அங்குத் தேடுதல் வீண்.

பழைய வடசுற்றோ தன் வழியே பெயர் பெற்று வருகின்றது. 1983இல் ஸ்டெஃபன் பெல்லோஃப், சுருக்கப்பெற்ற அச்சுற்றை 6 நிமிடம் 11.13 நொடியில் கடந்தார்; ஈராண்டுகளில் பெல்ஜிய நாட்டுப் பந்தயமொன்றில் இறந்தார். அவர் கடந்த நேரத்தை 2018 வரை எவரும் குறைத்திலர். 2013இல் ஃப்ளான்ஸ்கார்ட்டன் பகுதியிலுள்ள இரட்டை வளைவுக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1996, 1997 ஆகிய இரண்டாண்டுகளிலும் இங்கு 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற அணிகளில் ஓட்டிய சபீனா ஷ்மிட்ஸ் நூர்பர்க் ஊரிலேயே வளர்ந்தவர். 2021 மார்ச்சில் அவர் மறைந்தார். அவ்வாண்டே வடசுற்றின் முதல் வளைவு அவர் பெயரைப் பெற்றது.