கர்ப்பம் பார்த்த பட்டை மூக்குக்கு வந்த கதை

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு உருவாக்க வழி கண்டார்கள். 1988-இல் பிரிட்டனின் யூனிபாத் நிறுவனம், அத்தகைய ஆன்டிபாடி பதித்த பட்டையால் ஒரே படியில் கர்ப்பத்தைச் சொல்லிவிடும் ‘கிளியர்புளூ’ சோதனையை விற்பனைக்கு விட்டது. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த ஆன்டிஜென் கிட் அந்தப் பட்டையின் வாரிசு.

மூக்கில் சுழற்றி எடுத்த பஞ்சுக்குச்சியைக் கரைசலில் கலக்கிச் சில சொட்டு விடுகிறோம். ஈரம் பட்டையில் ஊர்ந்து போகும்போது, நுண்ணிய தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. வைரஸின் புரதம் இருந்தால், ‘டி’ கோட்டில் பதித்திருக்கும் ஆன்டிபாடி அதைத் தங்கத்தோடு சேர்த்துப் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு அந்தத் தங்கத்தின் நிறம்தான். ‘சி’ கோடு சொல்வது ஒன்றே ஒன்று: சோதனை ஒழுங்காக ஓடி முடிந்தது.

சிக்கல், பட்டை கர்ப்பத்திலிருந்து மூக்குக்கு இடம் மாறியதால் வந்தது. கர்ப்பச் சோதனை தேடும் ஹார்மோன், கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்று தெரியாத கோடு அடுத்த வாரம் பளிச்சென்று தெரியும். சுவாச வைரஸோ சில நாள் ஏறி, இறங்கிவிடும். ஆய்வகச் சோதனையான ஆர்டி-பிசிஆர், வைரஸின் துளியளவு மரபணுவையும் பெருக்கிப் பார்க்கும். பட்டையால் அது முடியாது. 2009 பன்றிக்காய்ச்சலின்போதே இந்தக் குறை வெளிப்பட்டது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்த மூன்று துரித சோதனைகளும், தொற்றுள்ள மாதிரிகளில் 40 முதல் 69 சதவீதத்தைத்தான் பிடித்தன.

2020 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) கொரோனாவுக்கான முதல் ஆன்டிஜென் கிட்டை அனுமதித்தது. தொற்றைப் பிடிக்கும் திறன் 50.6 முதல் 84 சதவீதம், தொற்றில்லாதவரைச் சரியாகச் சொல்வது 99.3 முதல் 100 சதவீதம் என்பது அதன் மதிப்பீடு. அதனால் பாசிட்டிவை ஏற்றுக்கொள்ளலாம், அறிகுறியோடு நெகட்டிவ் வந்தால் ஆர்டி-பிசிஆர் கட்டாயம் என்று விதித்தார்கள். நல்ல விதி. ஆனால் சில பெரிய மாநிலங்கள் அந்த இரண்டாவது சோதனையை விட்டுவிட்டன. செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகமே கடிதம் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது. காய்ச்சலோடு வந்தவரை நெகட்டிவ் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழ்நாடு அப்போது ஆர்டி-பிசிஆரை மட்டுமே நம்பியது. செலவும் நேரமும் கூடுதல்தான், இருந்தும் அதுவே சரியான முடிவு.

வீட்டில் சோதிப்பவர்களுக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) வழி சொன்னது. நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அறிகுறியே இல்லாதவர் மூன்று முறை பார்க்க வேண்டும்.