அஸ்-ஸூஃபியின் சிறுமேகமும் அதஸ் வடிவ மண்டலமும்

பாரசீகத்தின் ரய் நகரத்தவரான அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி, கி.பி. 964 வாக்கில் தாம் இயற்றிய விண்மீன் நூலில், ஆண்ட்ரொமீடா பகுதியில் மீன் உருவத்தின் வாயருகே 'சிறுமேகம்' ஒன்று தென்படுவதைக் குறித்துள்ளார். "விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்தவர் நம்மவரே" என்று மேடைகளில் நாம் பெருமை பேசுவதுண்டு. அது சற்று மிகை. கண்ட மங்கலை மேகம் என்று எழுதியதோடு அவர் நின்றுகொண்டார். அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி மண்டலம் என்பது 1920களில் எட்வின் ஹபிளின் அளவீட்டால்தான் உறுதியாயிற்று. காணாததை எழுதாத அந்தக் கட்டுப்பாட்டையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

அக்கட்டுப்பாடு எவ்வளவு அரிது என்பதற்கு என்ஜிசி 3115 என்னும் மண்டலத்தின் வரலாறு சான்று. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இதனை 1787இல் வில்லியம் ஹெர்ஷெல் தொலைநோக்கியில் கண்டார். பக்கவாட்டில் தெரிவதால் நூற்கும் கதிரைப் போன்ற தோற்றம். ஹபிள் இதனை நீள்வட்ட வகையின் மிகத் தட்டையான கடைசிப் படியில், 'இ7' என்று வைத்தார். 1936இல் அவரே நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடையே 'எஸ்0' என்றொரு வகை இருக்கக்கூடும் என ஊகித்தார். பிந்தைய ஆய்வுகளில் இம்மண்டலத்துக்கு மெல்லிய தட்டு உண்டு, சுருள் கரங்களோ இல்லை என்பது தெளிவாயிற்று. இன்று இது எஸ்0, அதாவது வில்லை வடிவ மண்டலம். வில்லையைக் குறிக்கும் அரபுச் சொல் 'அதஸா'. மைசூர்ப் பருப்பாகிய 'அதஸ்' என்பதிலிருந்து வந்தது. நடுவில் புடைத்து விளிம்பில் மெலிந்த அப்பருப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இம்மண்டலத்தின் உருவம் விளங்கிவிடும்.

இதன் தொலைவு ஏறத்தாழ 3.2 கோடி ஒளியாண்டுகள். முதிய விண்மீன்களே மிகுதி. வாயு அருகிவிட்டதால் புதியவை பிறப்பது வெகு அரிது. மையத்தருகே விண்மீன்கள், அங்கே தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் விளக்க முடியாத வேகத்தில் சுழல்கின்றன. அதிலிருந்து, சுமார் 100 கோடி சூரியன்களின் நிறைகொண்ட கருந்துளை அங்கிருப்பதாக 1992இல் கணித்தனர். கருந்துளையை எவரும் நேரில் கண்டதில்லை. அளந்தது விண்மீன்களின் வேகத்தை மட்டுமே. வாயு எங்கே போயிற்று என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நெரிசலான மண்டலக் கூட்டங்களில் உரசலால் வாயு உரியப்படும் என்பர். ஆனால் இதுவோ பெருங்கூட்டம் எதிலும் சேராமல் தனித்து நிற்பது.