பாராகுவாட்: தோட்டத்து மருந்தும் செல்லின் பழுதும்

மலாயாத் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்க முதலில் அடிக்கப்பட்டது சோடியம் ஆர்சனைட். ஆளையும் மாட்டையும் கொல்லும் நஞ்சு. 1960களில் அந்த இடத்துக்குப் பாராகுவாட் வந்தது. 1882-லேயே உருவாக்கப்பட்ட சேர்மம் இது. ஓர் எலக்ட்ரானைப் பெற்றதும் நீலமாகும் என்பதால் 1930களில் ஆய்வகங்களில் நிறங்காட்டியாகப் பயன்பட்டது. 1955-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் அதன் களை கொல்லும் குணத்தைக் கண்டறிந்தது. 1962-ல் அது கிராமக்சோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நிறம் மாற்றும் அதே குணம்தான் கொல்லவும் செய்கிறது. ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானைப் பாராகுவாட் இடையில் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததைப் பறிக்கத் திரும்புகிறது. ஆக்சிஜன் சூப்பராக்சைடாக மாறிப் புல்லைச் சில மணி நேரத்தில் கருக்குகிறது. மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். பயிரின் வேர் தப்பிக்கும் என்பதால் தேயிலை, ரப்பர், செம்பனை வரிசைகளுக்கு இடையே துணிந்து அடித்தார்கள்.

மனித உடலில் இதற்கு வெளிச்சம் தேவையில்லை. நுரையீரல் செல்கள் பாலிஅமீன்களை உள்ளிழுக்கும் வழியிலேயே பாராகுவாட்டும் நுழைந்து சேர்கிறது. சூப்பராக்சைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. இரும்பு அயனி அருகிலிருந்தால் அது ஹைட்ராக்சில் தனி உறுப்பாகி, செல்சவ்வையும் டிஎன்ஏவையும் தாக்குகிறது. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானின் 8-ஆக்சோகுவானினாகக் கெடும். 1984-ல் ஜப்பானின் கசாயும் நிஷிமுராவும் கண்டறிந்த பழுது இது. கெட்ட எழுத்தை வெட்டி எடுக்கும் புரதம் ஓஜிஜி1. அது இல்லாவிட்டால் பழுது தேங்கி, அடுத்த நகலெடுப்பில் தவறான இணை சேர்ந்து திடீர்மாற்றம் நிலைத்துவிடும். ஆனால் செல் ஒரே காவலை நம்பியிருப்பதில்லை. 1999-ல் ஓஜிஜி1 நீக்கப்பட்ட எலிகளின் ஈரலில் பழுது குவிந்தும் அவை வெளிப்பார்வைக்கு நலமாகவே வாழ்ந்தன. வேறு புரதங்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. பாக்டீரியாவும் இளைத்ததல்ல: பாராகுவாட் பட்ட ஈ.கோலை, டிஎன்ஏ பழுதை வெட்டும் எண்டோநியூக்ளியேஸ் 4-ஐக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது என்று 1987-ல் காட்டப்பட்டது.

தோட்டங்களில் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து அடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அடர்கரைசல் பட்ட நகத்தில் வெள்ளைக்கோடு விழும், பிறகு நகமே கழன்றுவிடும். தூறல் மூக்கில் ஏறினால் ரத்தம் கசியும். வாய்வழியாகச் சிறிதளவு போனாலும் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்து கிடையாது. வாந்தி மருந்து, துர்நாற்றம், நீலச்சாயம் ஆகியவற்றை உற்பத்தியாளர்கள் பிற்பாடு கலந்ததெல்லாம் தவறிக் குடிப்பதைத் தடுக்கத்தான். அடிப்பவர் தோலுக்கும் மூச்சுக்கும் அவற்றால் பயனில்லை.

மலேசியாவின் தெனாகனிதா என்ற தொண்டு அமைப்பு பெண் தொழிலாளர்களின் பாதிப்பை ஆவணப்படுத்தி 2002-ல் வெளியிட்டது. அவ்வாண்டே மலேசிய அரசு படிப்படியான தடையை அறிவித்தது. செம்பனைத் துறையினரும் உற்பத்தியாளர்களும் வற்புறுத்த, 2006-ல் அது தளர்ந்தது. இலங்கையும் கேரளமும் 2011-க்குள் தடைசெய்துவிட்டன. மலேசியாவில் முழுத்தடை 2020 ஜனவரி 1-ல்தான் நடப்புக்கு வந்தது. மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளுக்கும் தாழ்நிலச் செம்பனைக்கும் சட்டம் ஒன்றே. களைக்கு இப்போது கிளைபோசேட்டும் குளுஃபோசினேட்டும் அடிக்கப்படுகின்றன.