அதிர்ச்சியைத் தாங்கும் அடி



தலையில் விறகுக்கட்டைத் தூக்கி வைப்பதற்கு முன் நம் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? பழைய துணி ஒன்றை வளையமாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சும்மாடு என்று பெயர். சுமையும் கடினம், தலையும் கடினம். இரண்டுக்கும் நடுவே மெத்தென்ற பொருள் ஒன்று இருந்தால்தான் நடக்கும்போது உண்டாகும் குலுக்கல் தலையைத் தாக்காது. பாரம் தாங்கும் கலையின் முதற்பாடம் இது. பாட்டிமார் அறிந்த இந்தப் பாடம் கடலில் ஓடும் பாய்ப்பலகைக்கும் கடலைக் கடக்கும் பாலத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும், அதில் நம் தோட்டத்து ரப்பருக்கு என்ன பங்கு என்பதையும் இன்று காண்போம்.

முதலில் பாய்ப்பலகையை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் பத்து பெரிங்கி போன்ற கடற்கரைகளில் உல்லாசப் பயணிகளுக்கான நீர் விளையாட்டுகள் பல உண்டு. பாய்ப்பலகையும் அத்தகைய விளையாட்டுக் கருவியே. நீண்ட பலகை ஒன்று, அதன்மேல் ஒரு பாய்மரம், பாய். ஓட்டுகிறவர் பலகைமேல் நின்று, பாயைக் கைகளால் பிடித்துக் காற்றை வாங்கிச் செல்கிறார். படகில் இருப்பது போன்ற சுக்கான் இதில் கிடையாது. பாய்மரத்தை முன்னே சாய்த்தும் பின்னே சாய்த்தும்தான் பலகையைத் திருப்ப வேண்டும்.

சாதாரணப் படகில் பாய்மரம் அசையாமல் நடப்பட்டிருக்கும். இங்கே அது எல்லாப் பக்கமும் சாய வேண்டும். ஆனால் கழன்றுவிடக் கூடாது. ஆகவே இதன் உயிர்நிலை மரத்தின் அடியில் உள்ள மூட்டில் இருக்கிறது. 1958இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இத்தகைய பலகை ஒன்றைச் செய்து ஓட்டினான். 1964இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்பவர் தாமும் ஒன்றைச் செய்தார். 1968இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாயில் ஷ்வைட்சரும் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் காப்புரிமை கோரினார்கள். பின்னர் வழக்கு மூண்டது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், சிறுவன் சில்வர்ஸ் செய்த பலகையையும் சான்றாகக் கொண்டு, அந்த நாட்டில் அவர்களுடைய காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலேயே பாய்ப்பலகைப் போட்டி இடம்பெற்றுவிட்டது.

அந்த மூட்டு இப்போது பல வகைகளில் கிடைக்கிறது. ஒரு வகையில், உடுக்கை போல இடை சிறுத்த ரப்பர்த் துண்டு ஒன்று பாய்மரத்துக்கும் பலகைக்கும் நடுவே நிற்கும். பலகை அலைமேல் எகிறி மீண்டும் நீரில் விழும்போது பாய்மரத்தின் பாரம் முழுவதும் அந்த ஓரிடத்தில் இடிக்கிறது. அந்த இடியில் பலகை விரிசல் காணலாம். நிற்பவரின் முழங்காலும் நோகும். அதனால் சில அடித்தளங்களில் அழுந்தி மீளும் ரப்பர் வளையத்தையோ சுருள்வில்லையோ கூடுதலாக அமைக்கிறார்கள். ரப்பர் வெயிலிலும் உப்புநீரிலும் நாளடைவில் வெடிக்கும் அல்லவா? அது அறுந்தாலும் பாய் கடலோடு போய்விடாதபடி உறுதியான நாடா ஒன்றையும் பக்கத்திலேயே கட்டிவைப்பதுண்டு.

ஒரு மனிதனைச் சுமக்கும் பலகைக்கு உதவும் இந்த முறை, ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கட்டடத்துக்கு உதவுமா? உதவும் என்பதை நம் ரப்பரின் வரலாறு காட்டுகிறது.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று கண்டார். அதன் பிறகே ரப்பர் பெருந்தொழிலுக்கு உகந்ததாயிற்று. ஆனால் உறுதிப்பட்ட ரப்பரும் பெரும் பாரம் ஏறினால் பக்கவாட்டில் பிதுங்கும். இதற்குப் பொறியாளர்கள் ஒரு வழி செய்தார்கள். நம் தோட்டத்துப் புகைவீட்டு ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவே ஓர் இரும்புத் தகடு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தகடுகள் ரப்பரைப் பிதுங்க விடா. அதனால் மேலிருந்து வரும் பாரத்தை அந்த அடுக்கு அசையாமல் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினாலோ வளைந்து கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும்.

1957இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பெல்ஹாம் பாலத்துக்கு இவ்வாறு இயற்கை ரப்பர்த் தாங்கிகள் வைக்கப்பட்டன. 1966இல் லண்டனில், பாதாள ரயில் நிலையத்துக்கு மேலே கட்டிய ஆல்பனி கோர்ட் என்ற கட்டடம் ரயிலின் அதிர்வு வீடுகளுக்குள் ஏறாதபடி ரப்பர்மேல் நிறுத்தப்பட்டது. பிறகு, நிலநடுக்கத்தின் வேகத்தைத் தன்னுள் வாங்கித் தணிக்கும் தனி ரப்பர்க் கலவை ஒன்று உருவாயிற்று. 1985இல் கலிபோர்னியாவில் பெரிய நீதிமன்றக் கட்டடம் ஒன்று அந்த ரப்பர்மேல் எழுந்தது.

அந்தக் கலவையை உருவாக்கியவர்கள் யார்? மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்தினர். அவர்களுடைய ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் இருந்தாலும், அதற்கான செலவு மலேசிய ரப்பரின் மீது விதிக்கப்பட்ட செஸ் வரியிலிருந்து வந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் மரம் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தார்கள் நம் தாத்தா பாட்டிமார். அவர்கள் சேர்த்த பாலிலிருந்து போன காசும் அந்த ஆராய்ச்சியில் கலந்திருக்கிறது. கூலிச் சீட்டில் இந்தக் கணக்கு எழுதப்படவில்லை. ஆயினும் வரலாற்றில் எழுத வேண்டிய கணக்கு இது.

இனிப் பினாங்குக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவை அடுத்த கடலில் பூமி அதிர்ந்தது. அன்று எழுந்த ஆழிப்பேரலை பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. நிலநடுக்கம் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம். அதன் பிறகு பத்து காவானுக்கும் பத்து மாவுங்குக்கும் இடையே, 24 கிலோமீட்டர் நீளத்தில் பினாங்கின் இரண்டாவது பாலம் எழுந்தது. 2014 மார்ச் முதல் நாள் அது திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தின் தூண்களுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, அதிர்வைத் தணிக்கும் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. கடலடி நிலம் குலுங்கினால் தூண் ஆடும். ரப்பர் நடுவே வளைந்து கொடுக்கும். மேலே செல்லும் வண்டிகளுக்கு அந்த ஆட்டம் பெரிதும் குறைந்தே போய்ச் சேரும். பாய்ப்பலகையின் அடியில் சிறு துண்டு ரப்பர் செய்யும் வேலையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

1985இல் திறக்கப்பட்ட முதற்பாலத்துக்கும் இந்த இரண்டாம் பாலத்துக்கும் நடுவில் ஜெரஜாக் தீவு இருக்கிறது. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த நம் முன்னோர் பலரை, நோய் பரவாமல் தடுக்க, முதலில் இறக்கி அடைத்துவைத்தது அந்தத் தீவில்தான். அங்கிருந்து வெளியே வந்தவர்கள் நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா போன்ற தோட்டங்களுக்குப் போனார்கள். முதலில் கரும்பு, பின்னர் ரப்பர் என்று அவர்கள் காலம் கழிந்தது. இன்று ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. பல லயங்களும் இல்லை.

பெற்றோர்களே, ஒன்று சொல்ல விரும்புகிறோம். பாலத்தைக் கடக்கும்போது அதன் உயரத்தையும் நீளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருக்கும் ரப்பரைப் பற்றியும் சொல்லுங்கள். பாலைக் கட்டியாக்கும் அமிலம் எது, கந்தகம் சேர்ந்தால் ரப்பர் ஏன் உறுதிப்படுகிறது என்று பிள்ளைகள் கேட்டால், அதற்குரிய பதில் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் தொடங்குகிறது. பால் சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாடத்தை விடாமல் படிக்க வேண்டும். அடுத்த பாலத்துக்கான தாங்கியை வரைகின்ற மேசையில் அவர்களும் உட்கார வேண்டும் என்பதே நம் ஆசை.